வண்டிக்குள் வண்டு

பாடலீஸ்வரர் கோயில் தேரடியில்
நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சை.
இதுவரை பதினோரு வண்டிக்குப் பூசை போட்டவன்,
டிராக்டர், லாரி, பழைய மீன்வேன் உட்பட.
எலுமிச்சை நசுங்கும் சத்தத்தை
அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் குருக்கள்.
"பண்ணியாச்சு சாமி."
"பண்ணுங்க, நேரம் போகுது."
"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."
போனட்டில் காதை வைத்துப் பார்த்துவிட்டு
கற்பூரத்தை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

அறுபத்தெட்டு லட்சம்.
தொழில் தெரிந்தவர்கள் சிரித்தார்கள்.
கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும்
டீசல் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவன் நான்.
தானே புயலில் கம்பங்கள் படுத்துக்கிடந்த நாட்களில்
தெருத்தெருவாய்ப் போய்
மணிக்கு இவ்வளவு என்று பேசி
தொட்டிகளில் தண்ணீர் ஏற்றியவன்.
கடலூர் இருட்டில் கிடந்தால் எனக்கு வெளிச்சம்.
நானே சொல்லிவிடுகிறேன்,
நீங்கள் முதுகுக்குப் பின்னால் சொல்ல வேண்டாம்.

புதுச்சேரி ஷோரூமில் ஜெரோம் என்றொரு பையன்
வண்டியை விளக்கினான்.
சாவி கிடையாது, கியர் கிடையாது.
காலை எடுத்தால் வேகம் தானாய்க் குறையும்,
குறையும்போது கொஞ்சம் கரண்டைத்
திருப்பி எடுத்துக்கொள்ளும்.
"கடன் கொடுக்கும்போதே வட்டி பிடிக்கிற மாதிரி" என்றேன்.
"அப்படியும் சொல்லலாம் சார்."
என் இடதுகால் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.
ரெட்டிச்சாவடி தாண்டியும்
இல்லாத கிளட்சை மிதித்துக்கொண்டே வந்தது.

ஆல்பேட்டையில் ஆடுகள் விலகவில்லை.
மீன் மார்க்கெட்டில் ஒரு அம்மா
"பேய் மாதிரி வரியே, ஆரன் இல்லையா" என்றாள்.
தெருமுனையிலேயே என்னைத் தெரிந்துகொள்கிற நாய்
கேட்டுக்குள் நுழைந்தபிறகு குரைத்தது, என்னைப் பார்த்து.
சமையற்கட்டில் அஞ்சலாட்சி பாடிக்கொண்டிருந்தாள்.
இருபத்தாறு வருஷம்.
அவள் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது.
என் நிழல் விழுந்ததும் நிறுத்திவிட்டாள்.

ஒன்பதாம் நாள், கெடிலம் பாலத்தின் மேல்,
ஒரு சத்தம்.
மெல்லிசு. இடதுபக்கம்.
டப்பாவுக்குள் அடைத்த வண்டு.

ஜெரோமும் சென்னையிலிருந்து வந்த இன்ஜினியரும்
டேஷ்போர்டைக் கழற்றி அடுக்கினார்கள்.
"ஒண்ணுமில்ல சார்."
அஞ்சலாட்சியை உட்காரவைத்தேன்.
"எனக்குக் கேக்கலையே."
பணம் கொடுத்தவனுக்குத்தானே கேட்கும்.
கண்ணாடியை இறக்கினால் போனது,
ஏற்றினால் வந்தது.
கோபத்தில் இறங்கி,
ஷோரூம் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.
வண்டும் கூட வந்தது.

மஞ்சக்குப்பம் காது டாக்டர்
காகிதத்தில் சரிந்து இறங்கும் ஒரு கோட்டைக் காட்டினார்.
"மிஷின் பக்கத்துல எத்தனை வருஷம்?"
"முப்பத்தொண்ணு."
"இது எப்பவோ வந்திருக்கும்.
கேக்கற அளவுக்கு அமைதி
இப்பத்தான் வாங்கியிருக்கீங்க."

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி
கரண்ட் போய்விட்டது. வண்டியில் பன்னிரண்டு சதவீதம்.
விடிந்தால் கும்பகோணம் போகவேண்டும், வசூலுக்கு.
வீரப்பெருமாள் அறுபத்திரண்டு கேவிஏ-வை
வாசலில் இழுத்துவந்து நிறுத்திக் கிளப்பினான்.
எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.
டீசலை அது குடிக்க, கரண்டை இது குடிக்க,
"வாடகை பில்லு யார் பேருல போடட்டும் முதலாளி?" என்றான்,
சிரிக்காமல்.

உள்ளே போய் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.
தடித்த கண்ணாடிக்கு அப்பால்
தூரத்துக் கடலாய்க் கிடந்தது இரைச்சல்.
வண்டு இல்லை.
பதின்மூன்று. பதினான்கு.
பத்தொன்பதைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது.

கண்ணை விழித்தபோது
குடைபிடித்து நின்ற அஞ்சலாட்சி
கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
வாய் அசைந்தது.
பாட்டா, திட்டா,
தெரியவில்லை.