தேய்மானம்

கிராஸ் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவருக்காக
இந்தக் காரைப் பார்க்க வந்திருக்கிறேன்.
அவர் கண் நான், அவர் காது நான்,
மணிக்கு எண்பது யூரோ, பெட்ரோல் தனி.

சாஸ்ஸுவோலோ. ஓடு சுடும் ஊர்.
ஜூலையிலேயே வானம் சூளைக்குள் கிடக்கிறது.
எர்மெஸ் ஜாகொபாட்ஸி கராஜ் கதவைத் தூக்குகிறார்:
தொண்ணூற்றேழாம் வருடம், மாரனெல்லோ.
பிறந்த வீட்டுக்கும் வாக்கப்பட்ட வீட்டுக்கும் நடுவே
ஃபியொரானோ மட்டும்.

சிவப்பு இல்லை. அதற்கே ஒரு கும்பிடு.
நீலம்,
மழை கொட்டுவதற்குச் சற்று முந்தின நீலம்.

"ஒரே உரிமையாளர், சின்யோரா.
ஞாயிறுதோறும் நானும் மனைவியும்."
விற்கிறவர் பேச்சுக்குத் தலையாட்டலாம்,
டார்ச்சை அணைக்கக் கூடாது.

முதுகுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே எட்டு சிலிண்டர்.
ஒரு ரப்பர் பெல்ட் மாற்ற
எஞ்சினையே முழுசாக இறக்க வேண்டும்,
கொலுசு மாற்றக் காலைக் கழற்றுகிற கதை.
கடைசியாக இறக்கியது ஏழு வருடம் முன்பு.
எழுதிக்கொண்டேன்.
கூரைத் துணி: மடிப்பில் வெடிப்பில்லை.
பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல்: மஞ்சள் பூத்திருக்கிறது.
கியர்க் குமிழ்: ஒரே உள்ளங்கையின் வழவழப்பு.

பயணி பக்கம் வந்தேன்.
வெயில் மறைப்பின் குட்டிக் கண்ணாடியில்
தொழிற்சாலை ஒட்டிய தாள் இன்னும் உரியவில்லை.
இத்தனை ஞாயிறுகளில், கூரை திறந்த வண்டியில்,
கண்ணில் விழுந்த தூசியை ஒருமுறைகூடவா
அந்த அம்மாள் பார்த்துக்கொள்ளவில்லை?

இருக்கைத் தோலில் கீறல்கள்.
சாவி அல்ல, மோதிரம் அல்ல.
நாலு நாலாக,
வளைவுகளில் பிடித்துக்கொண்டவை.
கதவுக் கண்ணாடியின் உள்பக்கக் கீழ் மூலையில்
ஈரம் காய்ந்த வட்டங்கள்.

"எத்தனை கிலோ?" என்றேன்.

கராஜ் சுவரைப் பார்த்தபடி சொன்னார்:
"பதினாறு. கிழடான பிறகு பதினாலு.
லகோத்தோ. மண்ணுக்குள் காளான் மோப்பம் பிடிக்கிற ஜாதி.
இவள் ஒன்றையும் கண்டுபிடித்ததில்லை.
காற்றைத்தான் தின்பாள்."
பெயர் நான் கேட்கவில்லை.
"பியெல்லா," என்றார். எஞ்சினுக்குள் பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டு.
"பிப்ரவரியில்."

மனைவி?
"அவளுக்கு இந்தச் சத்தம் ஆகாது.
மாடியிலிருந்து கையசைப்பாள்.
அதையும் நான் கணக்கில் சேர்த்துக்கொள்வேன்."

கிராஸுக்குப் போன் போட்டேன்.
பெல்ட்டுக்கு ஆறாயிரம் குறைக்கச் சொன்னார் மருத்துவர்.
எர்மெஸ்: சரி.
மஞ்சள் ஜன்னலுக்கு எண்ணூறு.
சரி.
கீறலுக்கு ஐந்நூறு.
இல்லை.
முந்நூறு?
"அது தேய்மானம் இல்லை என்று சொல்லுங்கள்."
சொன்னேன். ஜெர்மனில் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.
மறுமுனையில் ஏதோ பல் துளைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

சோதனை ஓட்டம் பாக்கி.
"நான் ஓட்டுகிறேன், நீங்கள் கேளுங்கள்," என்றார்.
கூரையை மடக்கி, கீறல்கள் மேல் உட்கார்ந்தேன்.
மலைப்பாதை. முதுகுக்குப் பின்னால்
எட்டும் ஒரே குரலில் ஏறின.
குறை சொல்ல ஒன்றுமில்லை,
மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது
லேசான முணுமுணுப்பு.

கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பிரேக் மிதித்தவர்
வலது கையை கியரிலிருந்து எடுத்துச்
சட்டென்று என் நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டினார்,
கொஞ்சம் தாழ்வாக,
பதினாறு கிலோ உயரத்தில்.

"மன்னிக்கணும், சின்யோரா."

இரண்டாவது கியர். முணுமுணுப்பு.
அதை எழுதிக்கொண்டேன்.