முப்பத்தேழாம் படம்

மீட்டர் பெட்டி மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கும்.
அவர்களும் அங்கேதான்.
உடைந்த நாற்காலி, காய்ந்த பெயின்ட் டப்பா,
அதற்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டிக்குள்
தோலுரித்த மனிதர்கள்.

முதல் புத்தகத்தைச் சும்மாவே கொடுத்தார்
சுஃப்ரேன் வீதி மதாம் ஒர்த்தான்ஸ்.
"எடுத்துட்டுப் போப்பா,
பொணத்துக்கு மேல எத்தனை நாள் ஏறி இறங்கறது."

பதினோரு வருஷத்தில் பதினான்கு புத்தகம்.
இரண்டு, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் எடைக்கு எடுத்தவை.
ஒன்று, ஒரு மாதச் சம்பளம்.
எது என்று வீட்டில் சொல்லவில்லை.
அரிசி டிரம் பக்கத்தில் வைக்காதே என்றாள் அஞ்சுகம்.
அவள் தொட்டதும் இல்லை.

ஒன்றில் வயிறு கதவாகத் திறக்கும்.
காகிதக் கல்லீரலைத் தூக்கினால் காகிதப் பித்தப்பை,
அதற்கும் அடியில், பழைய பசையில் ஒட்டி,
யாருடையதோ ஒரு நீள முடி,
நிஜமானது.

தோல் போன பிறகும் இவர்கள் நேராக நிற்கிறார்கள்.
ஒருவன் இடுப்பில் கைவைத்து,
கொடுத்த கடனைக் கேட்க வந்தவன் மாதிரி.

பிளஸ் டூவில் மார்க்குக்காக எடுத்த பிரெஞ்சு
எலும்பு வரைக்கும் வரும்,
நரம்புக்குப் போதாது.
மீதியைத் தமிழில், பென்சிலில்
எவனோ ஒரு மாணவன் எழுதிவைத்திருக்கிறான்.
செத்தே நூறு வருஷம் இருக்கும்.
மண்ணீரல் பக்கத்தில் இன்னும் எச்சரிக்கிறான்:
பரீட்சைக்கு வரும்.

அந்தப் புத்தகத்தில்தான் இராமபாணம்
இடது நுரையீரலில் நுழைந்து
நாற்பது படம் துளைத்து
குதிகால் வழியே வெளியேறியிருக்கிறது.
முப்பத்தேழாம் படம் மட்டும் இல்லை.
பிளேடு போட்ட சுத்தம்.
எதிர்ப்பக்கத்தில் அதன் பழுப்பு நிழல் இருந்தது,
இடம்வலம் மாறி:
ஒரு கை.

போன செவ்வாய், புதிதாய்த் திறந்த விடுதி.
மஞ்சள் சுண்ணாம்பு, காகிதப்பூ,
படிக்கு அடியில் இப்போது வாஷ்பேசின்.
அதற்கு மேல், கண்ணாடிச் சட்டத்தில்,
கை.
மணிக்கட்டு வரை பிரித்த தசைநார்கள்,
விரல்களில் மட்டும் தோலை விட்டிருந்தான் ஓவியன்.
மோதிர விரலில்
மோதிரம் கழற்றிய தடத்தையும் விடவில்லை.
உள்ளங்கை நடுவே மிளகளவு ஓட்டை.

அந்த ஓட்டை எங்கிருந்து வந்தது,
எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.

ஒரு விருந்தாளி வந்தார், சோப்புப் போட்டார்,
அதன் மீதே சொட்டச் சொட்ட உதறிவிட்டுப் போனார்.
"பிடிச்சிருக்கா சார்?" என்றான்
வரவேற்பில் இருந்த முதுநகர்ப் பையன்.
"பிரின்ட்தான். ஆன்லைன்ல கிடைக்கும்."

நாலாயிரத்து நூற்றுப் பதினேழு என்று எழுதினேன்.
கையெழுத்து வாங்கினேன்.
வண்டியை நெல்லித்தோப்பு வரை
இரண்டாவது கியரிலேயே ஓட்டிவந்ததைப்
பிறகுதான் கவனித்தேன்.

ராத்திரி சொன்னேன்.
அஞ்சுகம் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.
"அந்தக் கையில என்ன இருந்துச்சு?"
தடத்தைச் சொன்னேன்.
அவள் ஒன்றும் பேசவில்லை.
அவளுடைய மோதிரத்துக்கு இன்னும் நாலு தவணை.

விரல்களை முந்தானையில் துடைத்து
புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து
பழுப்பு நிழலின் மேல்
இடது கையை விரித்துவைத்துப் பார்த்தாள்.
கொஞ்சம் சின்னது.

"ஈரம் பட்டா கெட்டுப்போயிடுமா?" என்றாள்,
கையை எடுக்காமல்.