ஓட்டக் கணக்கு

பெட்டி தனியாக வந்தது, வால்வுகள் தனியாக,
நான்கும் பஞ்சுக்குள், முட்டை மாதிரி.
ஃபஹாஹீலில் பின்தெரு, நான்காம் மாடி.
லிஃப்ட் ஓடவில்லை. எடை பதினெட்டு கிலோ.
மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கும்போது
டியூட்டிக்கு இறங்கி வந்த தொபியாஸ் சொன்னான்:
"வெளிய நாப்பத்தொம்பது டிகிரி.
துட்டக் குடுத்துச் சூட்ட வாங்கிட்டு வாறியே."

கையேட்டில் முதல் வரி:
ஸ்பீக்கர் மாட்டாமல் கரண்ட் கொடுக்காதே.
சுமை இல்லாமல் ஓடினால்
உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கருகும்.
வெறுமனே ஓடும் பம்பும் அப்படித்தான் சாகும்,
எங்கள் ரிஃபைனரியில் இரண்டைப் பார்த்திருக்கிறேன்.

சுவிட்சைப் போட்டேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு கண்ணாடிக்குள்
பீடி நுனி அளவு ஆரஞ்சு.
ஆசையாய் நாதஸ்வரம் வைத்தேன்,
தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து ஊதுவதுபோல் வந்தது.
இருக்கட்டும். நூறு மணி நேரம் ஓட வேண்டும் என்கிறார்கள்,
அதுவரை எதையும் நம்பக் கூடாது, வெறுக்கவும் கூடாது.

மீட்டரை வைத்து பயாஸ் பார்த்தேன்.
முப்பத்தாறு, முப்பத்தாறு, நாற்பத்தொன்று, முப்பத்தேழு.
மூன்றாவது திருகாணியை ஒரு நூல் இடப்பக்கம்.
தினமும் சம்பளத்துக்குச் செய்கிற அதே வேலை,
அங்கே தவறினால் சைரன் ஊதும்.
இங்கே தவறினால் எனக்கு மட்டும் தெரியும்.

தூசுப் புயல் அடித்த வியாழன்
ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி செருகினேன்.
ஆம்ப்ளிஃபயர் ஆறும்வரை காத்திருந்து
என் வேட்டியால் மூடினேன்.
ஒரு நோட்டுப் போட்டேன்,
தேதி, தொடக்கம், நிறுத்தம், மொத்தம்.

முப்பத்தொன்றில் ஷட்டவுன் வந்தது.
பதினாறு நாள், பகலில் பன்னிரண்டு மணி நேரம்.
அவனுக்கு இரவு.
படிக்கட்டில் மட்டும் பார்த்துக்கொண்டோம்,
ஒருவர் ஏற, ஒருவர் இறங்க.

முடிந்த அன்று நோட்டைத் திறந்தால்
பச்சை மையில் வேறு கையெழுத்து.
"காலை 7.20 – 9.50. இடப்பக்கம் இரைச்சல். லேசாத் தட்டினேன், நின்னுட்டு."
"7.15 – 10.00. தூக்கம் வரல்ல."
"7.30 – 9.00. பாட்டு வைக்கல்ல. கை காய மட்டும்."
"மூணாவது லாம்பு நீலமா எரியுது. பயப்படணுமா?"
மொத்தம் அறுபத்தெட்டு.

கம்ப்ரசர் ஹாலில் பதினோரு வருஷம்,
அவன் வலது காது அங்கேயே தங்கிவிட்டது.
ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு
கம்பளிக்குள் நடுங்குகிறவன்.

நாற்காலி நான் வைத்த இடத்தில் இல்லை.
இடது காது இரண்டு பெட்டிக்கும் நடுவில் வரும்படி
கோணலாகத் திருப்பியிருந்தான்.
அதை அப்படியே விட்டேன்.

பச்சை மைக்குக் கீழே எழுதினேன்:
கண்ணாடியில் நீலம் என்றால் பயமில்லை.
உள்ளே தகடு சிவந்தால்
உடனே அணை, என்னை எழுப்பு.

நாதஸ்வரம் இன்னும் கொஞ்சம் தகரம்தான்.