தண்ணி வராத சனிக்கிழமை

பாகாவ் பாசாருக்குள் ஒரு சாக்கடை ஓடுகிறது,
ஒன்றரை அடி அகலம்.
இந்தப் பக்கம் மீன், கோழி, தவளை, நான்.
அந்தப் பக்கம் மிளகாய், நெத்திலி, பெலாச்சான்,
காதர் மைதீன் கடை ஊதுபத்தி.
ஈர பூட்ஸோடு அங்கே கால் வைக்கக் கூடாது.
எழுதி ஒட்டவில்லை. பதினோரு வருசமாய் வைத்ததில்லை.

பன்னிரண்டு மணிக்கு பைப்பைத் திறந்தால்
செதிலும் இறகும் கெம்போங் மீன் கண்ணும்
பேரம் படியாத விலைகளும்
என் துடைப்பத்துக்கு முன்னால் ஓடும்.

நேற்றிரவே தண்ணியை நிறுத்திவிட்டார்கள்.
இன்றைக்குப் பார்த்து எஸ்டேட்டில் சம்பளம்.
செம்பனைக் காட்டிலிருந்து மோட்டாரும் லோரியுமாய்
ஏழு மணிக்கே வந்து இறங்கியது கூட்டம்.
ஆ லெக், ஐஸ் உருகிய தண்ணியில் கத்தியைக் கழுவினான்,
அதிலேயே கையை,
அதிலேயே, கேட்டால் சிரிக்கிறான், ஐம்பது வெள்ளித் தாளை.
காய்ந்த ரத்தத்தில் சிலிப்பர்கள் ஒட்டிப் பிரிய
ப்ச், ப்ச் என்று
ஊரே என்னைப் பார்த்து உச்சுக் கொட்டியது.

அவனுடைய 555 புத்தகத்தில் யாருக்கும் பெயர் கிடையாது.
மூக்குத்தி. பச்சை மோட்டார். ரெட்டைப் பிள்ளை.
நேப்பாளத்துப் பையன்கள் ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே கோடு.
என் பக்கத்தில் 'தண்ணி' என்று சீனத்தில் ஓர் எழுத்து,
அதற்கு எதிரே முப்பத்தெட்டு வெள்ளி.
அம்மா அப்பா வைத்தது தேவகுஞ்சரி.

பத்து மணிக்கு ஒருத்தி வழுக்கி விழுந்தாள்.
மரவள்ளிக்கிழங்கு உருண்டது, பிள்ளை அழுதது,
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
சாக்கடையைத் தாண்டினேன்.
பூட்ஸ் காய்ந்திருந்ததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அங்கே நின்று திரும்பினால்தான்
எங்கள் பக்கம் நாறுவது தெரிகிறது.

காதர் மைதீன் மிளகாய்ச் சாக்கு ஆறு எடுத்துக் கொடுத்தார்,
கிழிந்தது, மூன்று வெள்ளி.
அப்புறம் தரட்டுமா என்றேன்.
கல்லாவைக் கையால் தட்டிக் காட்டினார்.
காட்டட்டும். இந்தப் பக்கம் கோடு போடும் வழக்கம் இல்லை.

சாக்கை விரித்தேன். மிளகாய்த் தூள் எழும்பியது.
மீன் வாங்க வந்தவர்கள் தும்மித் தும்மி
பேரம் பேச மறந்தார்கள்.
ஆ லெக்குக்கு நல்ல வியாபாரம்,
மூன்று வெள்ளியை என் கணக்கில் கழிக்கச் சொன்னேன்,
காது கேட்கவில்லை அவனுக்கு.

நாலரைக்கு எங்கேயோ சுவருக்குள் ஒரு கனைப்பு.
'சுய்!' என்று கத்தினான் ஆ லெக்.
குழாயைக் கூப்பிட்டானோ என்னையோ.
இரண்டு பேருமே
இருமிக்கொண்டுதான் வந்தோம்.