பிடிபட்ட பொருள்: கம்பி ஒன்று

பைக்கின் கிளட்ச் கேபிள்.
சில்வர் ஓக் அடியில், பீன்ஸ் கொல்லைக்குள்
மான் தலை நுழைக்கும் சந்தில்,
சரியாகக் கழுத்து உயரத்துக்கு.
வளையத்தில் செம்பட்டை மயிர் நாலு.
மண் உழுத மாதிரி. மான் இல்லை.

முடிச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.
இடக்கை முடிச்சு.
ஆட்டுக்கும் அதுதான், பிள்ளையின் தூளிக்கும் அதுதான்.
என் தங்கச்சி பொன்னுருவி.

நான் வேட்டைத் தடுப்புக் காவல்.
தினக்கூலி. மூன்று மாதம் பாக்கி.

இந்த மலைக்குச் சொந்தம் கேளையாடு.
புள்ளிமான் லாரியில் வந்தது:
மேல் எஸ்டேட் முதலாளி,
விருந்தாளிகள் காபியோடு நின்று பார்க்கட்டும் என்று
ஏழு இறக்கினார்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
தழை போட்டபடி பின்னால் உட்கார்ந்து வந்த பையன் நான்.
ஒவ்வொரு வளைவிலும் ஒரு பெட்டை
என் தொடையில் முகத்தை அழுத்திக்கொண்டது.
முதலாளி செத்தார். மகன்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.
வேலியைத் துரு தின்றது.

போன கணக்கெடுப்பில் நூற்றுப் பதினொன்று.
எண்ணியவனும் நானே.

பொன்னுருவி விதைக்கு முன்பணம் வாங்கியது
சேலத்து மண்டியில்.
மண்டிக்காரர் மானிடம் கேட்கமாட்டார்.
பயிர்ச் சேத மனுவை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.
பட்டா யார் பேரில் என்றார்கள். தாத்தா பேரில்.
இறப்புச் சான்று? எடுக்கவில்லை.
அரசுக் கணக்கில் அவர் இன்னும் இருக்கிறார்,
நூற்று முப்பது வயதில்,
யாருக்கும் கையெழுத்துப் போடாமல்.

கூட்டத்தில் எழுந்து கேட்டாள்:
“இது நம்ம மலை மான் இல்லையே, அடிச்சா என்ன?”
“எங்கிருந்து வந்தாலும் அது அட்டவணையில இருக்கும்மா.”
“நாங்களுந்தான் அட்டவணையில இருக்கோம்.
எங்க சோத்தைத் தின்னா யாரு மேல கேஸு?”
வனவர் தண்ணீர் குடித்தார்.
அதிகம் பேர் சிரித்தோம், நானும்,
காக்கியில் இருந்தபடியே.

வீடு திரும்பும்போது சொல்லிப் பார்த்தேன்:
நாம் காஞ்சியிலிருந்து ஏறி வந்தவர்கள் என்றுதானே கதை,
காபி கப்பலில் வந்ததுதானே,
வந்ததையெல்லாம் விரட்டினால் மலையில் என்ன மிஞ்சும்?
“யார் வேணா வரட்டும்” என்றாள்.
“வந்தவங்க களை எடுக்கட்டும்.”

கம்பியைச் சுருட்டி ஆபீஸ் மேஜையில் வைத்தேன்.
பதிவேட்டில் எழுதினேன்.
பிடிபட்ட பொருள்: கம்பி ஒன்று.
ஆள்: தெரியவில்லை.
வனவர் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
“முடிச்சு மாத்திப் போட்டிருக்கே.”
என் பேனாவைப் பார்த்தார்.
பேனா இருந்த கையைப் பார்த்தார்.
எங்கள் வீட்டில் இடக்கை இரண்டு பேருக்கு.
மேலே பல்லி ஒன்று சொன்னது.
“பாக்கிச் சம்பளம் அடுத்த வாரம் வந்துரும்” என்றார்,
நான் கேட்காமலே.

ராத்திரி கொல்லைக் காவலுக்கு அவளோடு உட்கார்ந்தேன்.
கம்பியைப் பற்றி அவள் கேட்கவில்லை.
மூன்றாம் பாத்தியில் இலை ஆடியது.
நிலாவில் கழுத்தைச் சுற்றி
மயிர் இல்லாத ஒரு கோடு தெரிந்தது.
தகரத்தையும் குச்சியையும் என் மடியில் வைத்தாள்.
“தட்டு” என்றாள்.

ஒரு கொடி முழுக்கத் தின்று முடிக்கும்வரை
குச்சியைத் தேடிக்கொண்டிருந்தேன்.