எங்கள் கணக்கில் இன்று

கொசஸ்தலை ஆற்றில் தூர்வாரிய இயந்திரம்
முதலில் ஒரு விலாவைக் கடித்தெடுத்தது.
பிறகுதான் நிறுத்தினார்கள்.
நான் எண்ணூர் போய்ச் சேர்ந்தபோது
ஈரச் சாக்குகளுக்கடியில் கிடந்தது படகு.
ஆணி ஒன்றுகூட இல்லை.
பலகை ஓரமெல்லாம்
கயிறு போய்வந்த துளைகள்.

நகத்தளவு மரம் போதும்.
கையுறை, அலுமினியத் தாள், எண்ணெழுதிய பை.

சாம்பலைத்தான் முதலில் கழுவ வேண்டும்.
அனல்மின் நிலையத்துச் சாம்பல்,
கோடி வருடம் முன்னே செத்த காடு.
அதன் துகள் ஒட்டியிருந்தால்
படகுக்கு இல்லாத வயது ஏறிவிடும்.
எண்ணெயும் அப்படித்தான்.
அமிலம், காரம், மறுபடி அமிலம்.
மிஞ்சியதை எரித்துப் புகையாக்கி
புகையைத் திரும்பக் கரியாக்கி
எண்ணுவோம்.

மார்பளவு நீரில் நின்ற தேசம்மா
பல்லில் கவ்வியிருந்த பறியைக்
கையிலெடுத்துக்கொண்டு கேட்டாள்:
“திரும்ப எப்ப வைப்பீங்க?”

எதை?

“அந்தக் கட்டையத்தான்.
இந்தாண்ட கைய வுட்டா வெள்ள எறா,
அந்தாண்ட மொட்டு.”

படகென்று தெரியுமா என்றேன்.
“காலுக்குத் தெரியும். ஏழு வருசமா.”
பறியைத் திரும்பக் கவ்விக்கொண்டாள்.
அதற்குமேல் அவளால் பேச முடியாது,
எனக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

நாலு மாதத்தில் முடிவு வந்தது:
இன்றைக்கு முன் தொள்ளாயிரத்து நாற்பது ஆண்டுகள்,
கூடவோ குறையவோ முப்பது.
எனக்கு வயது இருபத்தொன்பது.
அந்தக் ‘கூடவோ குறையவோ’வுக்குள்
நான் முழுதாக அடங்கிவிடுவேன்.

அதுவும் மரத்தின் வயது,
அந்த வளையம் வளர்ந்த வருடம்.
வெட்டியது எப்போது, தைத்தது யார்,
கவிழ்ந்த அன்று யார் யார் நீந்திக் கரையேறினார்கள்
என்பதற்கெல்லாம்
நான் பை கொண்டுபோகவில்லை.

இன்னொன்று.
எங்கள் கணக்கில் ‘இன்று’ என்பது
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.
அதன் பிறகு வெடித்த குண்டுகளில்
காற்றின் கணக்கு கலைந்துபோனது.
கடிகாரத்தை அங்கேயே நிறுத்திவைத்திருக்கிறோம்.

அந்த இன்றில்
இங்கே புகைபோக்கி இல்லை.
கழிமுகத்தில் சுடுநீர் விழவில்லை.
ஆற்றடியில், சேற்றுக்குள்,
படகு இருக்கிறது.
அதன் இரு பக்கமும் இறால்
அவளுக்கு முந்திய யாருடைய கைக்கோ
ஒதுங்கிக்கொண்டிருக்கிறது.

கண்டெடுத்த இடத்தின் குறிப்பில்
‘வடபுறம் வெள்ளை இறால், தென்புறம் மொட்டு’
என்று எழுதியிருந்தேன்.
மேலதிகாரி அடித்துவிட்டார்.

படகு அருங்காட்சியகத்தில், தொட்டியில்.
இயந்திரம் மறுநாளே வேலையைத் தொடர்ந்ததாம்.
போன வாரம் போய்ப் பார்த்தேன்.
அந்த இடத்தில் இப்போது பதினாறடி ஆழம்.
தேசம்மாவுக்குக் கால் எட்டாது.