இன்சுலினுக்குக் கீழ்த்தட்டில்

தங்கச்சிமடத்தில் ஈக்குப் பஞ்சமில்லை.
கருவாடு காயும் மணலிலிருந்து கிளம்பி வந்து
என் மருந்துக்கடைக் கல்லாவில் உட்காரும்,
வசூலுக்கு வந்த ஆள்போல்
கைகளைத் தேய்த்துக்கொண்டு.

பஞ்சம் தண்ணீருக்குத்தான்.
போர்த் தண்ணீர் ஆகாது, லாரித் தண்ணீர் ஆகாது,
உப்பு கொஞ்சம் ஏறினாலும் வேர் கறுத்துவிடும்
இந்த ஈப்பிடிச் சீமாட்டிக்கு.
பக்கத்து ஏடிஎம்மின் ஏசிக் குழாய் சொட்டுவதை
கேனில் பிடித்துவைக்கிறார் காவலாளி தவசி.
"தாயி, இன்னைக்கு உன் செடிக்கு
முக்காக் கேன் சம்பளம்."

பெங்களூரிலிருந்து கூரியரில் வந்தபோது எட்டு வாய்.
இருமல் மருந்துக்கு வந்த பிள்ளைகள்
ஈர்க்குச்சியால் சீண்டிச் சீண்டி
மூன்றை முடித்துவிட்டார்கள்.
ஒரு வாய் சில தரம்தான் மூடும்;
வெறுமனே மூடியதும் கணக்கில் சேரும்.
'தொடாதீர்' என்று எழுதி ஒட்டினேன்.
அதற்குப் பிறகு பெரியவர்களும் தொட்டார்கள்.

உள்ளே பக்கத்துக்கு மூன்று மயிர்.
ஒருதரம் பட்டால் அசையாது:
காற்றாயிருக்கும், மணலாயிருக்கும்.
இருபது எண்ணுவதற்குள் மறுபடி பட்டால்தான்
உயிர் என்று நம்பும்.
கடனுக்கு மாத்திரை கேட்பவர்களிடம்
நானும் ஏறக்குறைய அப்படித்தான்.

கார்த்திகையில் அதற்குக் குளிர் வேண்டும்.
இந்தக் கரையில் குளிருக்கு எங்கே போக?
வேரைக் கழுவி, ஈரப் பாசியில் சுற்றி
கடை ஃபிரிட்ஜில்
இன்சுலினுக்குக் கீழ்த்தட்டில் படுக்கவைத்தேன்.
மருந்து ஆய்வாளர் திறந்து பார்த்தார்.
"என்னம்மா, வெங்காயமா?"
"தூங்குது சார்."
'உணவுப் பொருள்' என்று எழுதிக்கொண்டு போனார்.

பாம்பனில் கூண்டு ஏற்றிய இரவு கரண்ட் போயிற்று.
ரெக்ஸன் தன் வள்ளத்துத் தெர்மாகோல் பெட்டியைத்
தலையில் தூக்கி வந்தான், இறால் வாடையோடு.
அடியில் ஐஸ், அதன்மேல் சாக்கு,
சாக்கின்மேல் ஊர்ச் சர்க்கரைக்காரர்களின் குப்பிகள்,
மூலையில் ஒரு கைப்பிடிப் பொட்டலம்.
"அதுக்குமாக்கா?"
"அதுக்கும்தான்."
விடிய விடிய ஷட்டரைத் தட்டியது காற்று,
ஒருதரம் இல்லை, இருதரம் இல்லை.
நான் திறக்கவில்லை.

பங்குனி பிறந்து பத்து நாள்.
சட்டியில் ஒரு புது வாய்,
மொச்சைப் பருப்பில் பாதி,
சிவப்பு இன்னும் ஏறவில்லை.
கல்லாவிலிருந்து ஓர் ஈ எழுந்துபோய்
அதன் விளிம்பில் நின்றது. உள்ளே ஒரு கால் வைத்தது.
ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன்.
பதினாறு.
பதினேழு.

"அக்கா, ஒரு பாராசிட்டமால்."